ஜூன் மாதம் முழுவதற்கும் டிக்

அந்தோணி அண்ணன் ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங் மேல் கையை மடக்கி வைத்துக்கொண்டார். ஆறு ஐம்பது. மூடிக்கிடந்த பேக்கரி வாசலில், நாகவேணி நிற்க வேண்டிய இடத்தில், ஒரு நாய் படுத்திருந்தது. வேடியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாய் மேல் இல்லை, நாயாவது நேரத்துக்கு வந்து படுத்திருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு என்ன, வீடு பேக்கரிக்குப் பின்சந்தில், நடந்தால் இரண்டு நிமிடம், சூளகிரியிலிருந்து நான் ஐந்து மணிக்கு எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, மகனை எழுப்பி ஆன்லைன் வகுப்புக்குப் போனுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வருகிறேன், இவளுக்கு இரண்டு நிமிடம் நடக்க வலிக்கிறதா. கம்பெனி பஸ் ஒரு ஸ்டாப்பில் மூன்று நிமிடம்தான் நிற்கலாம். முன்பெல்லாம் அந்தச் சட்டத்தை யாரும் மதித்ததில்லை. இப்போது கேட்டில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி பிடித்து ஜுரம் பார்க்கிற வரிசை இருக்கிறது, வரிசையில் பின்தங்கினால் அரை நாள் ஆப்சென்ட், அதனால் மூன்று நிமிடம் என்றால் மூன்று நிமிடம். பின் சீட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள், அதுவும் மாஸ்க்குக்குள்ளேயே. வேடியம்மாள் பக்கத்து சீட்டைப் பார்த்தாள், அதில் சிவப்பு ஸ்டிக்கரில் பெருக்கல் குறி போட்டு, இங்கே உட்காராதீர் என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. பதினோரு வருடமாக நாகவேணி உட்கார்ந்த சீட். ஒட்டினவன் இந்தியை மேலே பெரிசாக எழுதி, தமிழைக் கீழே சின்னதாக வைத்திருந்தான், அதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருக்கிற காலம் இது, அவள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

மூக்கு வேலை செய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். மாஸ்க்குக்குள்ளே மூச்சை இழுத்தால் நேற்றைய சோப்பு வாசனை வந்தது, சரி, இருக்கிறது. காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்தாள், அப்புறம் குளியல் சோப்பு, அப்புறம் சாமி மாடத்தில் கற்பூரம், மூன்றும் வந்தது. வந்தும் நிம்மதி வரவில்லை, ஏனென்றால் கற்பூரம் கொஞ்சம் குறைவாக வந்த மாதிரி இருந்தது, பழைய கற்பூரமாக இருக்கும், பழைய கற்பூரம் என்று யார் சொன்னது. வீட்டுக்காரர் இருசன் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற அந்த மெஷினை நானூறு ரூபாய் மலிவில் வாங்கி வைத்திருக்கிறார், அதில் நேற்று தொண்ணூற்றாறு காட்டியது, முந்தாநாள் தொண்ணூற்றேழு, அந்த ஒரு நம்பர் எங்கே போனது என்று நேற்று முழுக்க லைனில் நின்றுகொண்டே தேடினாள். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் கத்தரிக்காயை மஞ்சள் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவித் துண்டு விரித்துக் காய வைக்கிறார், கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் ஒரு தட்டைக் கழுவியதில்லை. எச்.ஆர். ஷர்மிளா மேடம் வாட்ஸ்அப் குரூப்பில் மூச்சுப் பயிற்சி வீடியோ போடுகிறாள். நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. கூட்டினால் பத்தொன்பது. எங்கள் லைனில் நாற்பத்திரண்டு விநாடிக்கு ஒரு காருக்கான வயர்க்கட்டு முடியணும். இரண்டு மூச்சுக்கு ஒரு கட்டு, மிச்சம் நாலு விநாடி, அந்த நாலில் என்ன செய்வது மேடம், சந்தோஷமாக இருக்கவா. இதை அவள் குரூப்பில் எழுதவில்லை. கும்பிடுகிற கை பொம்மை ஒன்றை அனுப்பினாள், எல்லோரும் அனுப்பியது மாதிரியே.

ஒரு நிமிடம் போயிருக்கும். வேடியம்மாள் போனை எடுத்து நாகவேணி பேரைத் தொட்டாள். மணி அடிக்கும் என்று காதில் வைத்தால் மணி அடிக்கவில்லை, அந்தப் பொம்பளைக் குரல் வந்தது, ஒரு வருடமாக எல்லோருடைய போனுக்குள்ளும் குடியிருக்கிற குரல், கையை அடிக்கடி கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள், ஆறடி இடைவெளி விடுங்கள், பயப்பட வேண்டாம் எச்சரிக்கையாக இருங்கள். பயப்பட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான் பயத்தையே ஊட்டினார்கள். போனை எடுத்தால் செத்த செய்தி சொல்லக் கூப்பிடுகிறவனும் இதைக் கேட்டுத்தான் சொல்லணும், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவனும் இதைக் கேட்டுத்தான் கூப்பிடணும். சீக்கிரம் முடிம்மா தாயே, எனக்குத் தெரியும், கழுவிட்டேன், கழுவிக் கழுவி ரேகையே போச்சு, அட்டெண்டன்ஸ் மெஷினில் விரல் விழவில்லை என்று போன மாதம் என்னை இரண்டு நாள் ஆப்சென்ட் போட்டான். குரல் முடிந்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள். குளிக்கிறவள் ஆறு ஐம்பதுக்கா குளிப்பாள். தூங்கிப்போயிருப்பாள். தூங்குகிறாளாம், அவளா. அவள் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பைப் பார்த்தால் மே மாதத்திலிருந்து தூங்கின மாதிரி தெரியவில்லை. அப்படியென்றால் இது எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து எங்கே எழுதினேன். எழுதவில்லை. டிக் போட்டேன்.

அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிட்டது. ஜூன் முதல் தேதி கம்பெனியில் ஒரு ரெஜிஸ்டர் கொண்டுவந்தார்கள். ஜோடி ரெஜிஸ்டர். லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரை ஜோடி சேர்த்து, ஒருத்தி மனசை இன்னொருத்தி தினமும் பார்த்து எழுதணும். தூங்கினாரா, சாப்பிட்டாரா, பேசினாரா, தைரியமாக இருக்கிறாரா, நாலு கட்டம், சரி என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி. யாரோ பெரிய ஆள் வெளிநாட்டு கஸ்டமருக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். வேடியம்மாளுக்கு ஜோடி நாகவேணி. இவள் லைன் கடைசியில் வயர்க்கட்டைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர், அவள் அதற்கு முந்தின இடத்தில் கட்டின் மேல் கறுப்பு டேப் சுற்றுகிறவள். வேடியம்மாள் முதல் தேதி காலையிலேயே, டீ வருவதற்குள், நாகவேணியின் ஜூன் மாதம் முழுவதையும் டிக் போட்டு முடித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அந்தக் கம்பெனியில் எல்லா ரெஜிஸ்டரும் அப்படித்தான் நிறைகிறது. மெஷின் சூடு, காற்றழுத்தம், தரை சுத்தம், தீயணைப்பு டப்பா எல்லாவற்றையும் வேலைக்கு நடுவில் மணிக்கொரு தடவை பார்த்து எழுது என்கிறார்கள், நாற்பத்திரண்டு விநாடிக்கு நடுவில் எவள் போய்ப் பார்ப்பது, திங்கட்கிழமை உட்கார்ந்து வாரம் முழுக்க எழுதிவிடுவார்கள். அதிலும் வேடியம்மாள் கைகாரி. ஒரு நாளுக்கு நீலப் பேனா, ஒரு நாளுக்குக் கறுப்பு, ஒரு டிக்கைச் சாய்த்து, ஒன்றை நிமிர்த்தி, எங்காவது ஒன்றில் அவசரமாகப் போட்டது மாதிரி வாலை நீட்டி விடுவாள், ஆடிட்டுக்கு வந்தவன் ஒருத்தனும் பிடித்ததில்லை. நாகவேணி மனசுக்கும் அதே திறமையைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கவனமாக விட்டுவிட்டாள். இன்றைக்குப் பதினேழாம் தேதி. பதினேழாம் தேதிக்கான டிக், நீலம், கொஞ்சம் சாய்ந்தது, லைன் ஓரத்தில் ஆணியில் தொங்குகிற ரெஜிஸ்டரில் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. தூங்கினாள், சாப்பிட்டாள், பேசினாள், தைரியமாக இருக்கிறாள். ஆள் எங்கேடி.

பெருக்கல் குறி போட்டால் மட்டும் என்ன கிழித்திருப்பார்கள் என்று வேடியம்மாள் தனக்குத்தானே வழக்குப் பேசினாள். வயர் வெட்டுகிற பகுதியில் ஒருத்திக்கு அவள் ஜோடி உண்மையை எழுதி வைத்தாள், மூன்றாம் நாளே கூப்பிட்டு, நீங்கள் ஓய்வு எடுக்க வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லி பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள், சம்பளமில்லாத ஓய்வு, கான்ட்ராக்ட் ஆள் இல்லையா, ஓய்வு முடிந்து அவள் வந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். எழுதின ஜோடி கேன்டீனில் நாலு நாள் தனியாகச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த ரெஜிஸ்டரில் யாருக்குமே மனசில் எந்தக் கோளாறும் இல்லை, முந்நூற்றுப் பத்துப் பெண்களும் நன்றாகத் தூங்கி நன்றாகச் சாப்பிட்டார்கள். நாகவேணியும் கான்ட்ராக்ட்தான். அவள் புருஷன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், மே மாதம் ஜுரம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன், எட்டாம் நாள் செத்தவனைத் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் சுற்றி, முகத்தைக் கூடக் காட்டாமல் நேரே கொண்டு போய்விட்டார்கள். இவள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்று வண்டி நம்பரைத்தான் பார்த்தாள். மகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு பதினாறாம் நாள் வேலைக்கு வந்து நின்றாள். டிக்தான் அவளுக்குச் சோறு, நான் டிக் போட்டது அவள் நல்லதுக்குத்தான். இந்த வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தேதி டிக் போட்டபோது வெட்டுப் பகுதிக்காரியின் கதை இன்னும் நடக்கவேயில்லை, அதுதான் சங்கடம். அன்றைக்கு அவள் டிக் போட்டது சோம்பேறித்தனத்தில். நல்ல மனசு அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தோணி அண்ணன் இரண்டாவது ஹாரன் அடித்தார், இந்தத் தடவை நீளமாக. நாய் எழுந்து, இடம் மாறி, மறுபடி படுத்தது. பின் சீட்டுக்காரி, ஒருத்திக்காக நாற்பது பேர் லேட்டாகணுமா என்றாள், நாற்பது பேர் இல்லை, பஸ்ஸில் பாதி சீட்தான், இருபத்திரண்டு பேர், வேடியம்மாள் மனசுக்குள்ளே திருத்தினாள், பொய்க்கணக்குச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது, இன்ஸ்பெக்டர் புத்தி. எத்தனை நல்ல கண் அவளுக்கு. டேப் ஒரு நூல் விலகினாலும் தள்ளிவிடுவாள். இந்த மாதம் நாகவேணி சுற்றின டேப்பைக் கவனித்தாள், கவனிக்காமல் இல்லை. ஒரே இடத்தில் இரண்டு சுற்று, மூன்று சுற்று, சில கட்டில் ஐந்து சுற்று, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போன மாதிரி. அதைப் பார்த்து வேடியம்மாள் என்ன செய்தாள். டேப்பை வீணாக்காதடி, எடை கூடிப்போய் ரிஜெக்ட் ஆவும் என்றாள். நாகவேணி சரிக்கா என்றாள். மறுநாள் சரியாகச் சுற்றினாள். குறை தீர்ந்தது என்று வேடியம்மாள் அடுத்த கட்டைக் கையில் எடுத்தாள். அதை நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே வந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஷர்மிளா மேடம் மேல் வைத்தாள், கொஞ்ச நேரம் தாங்கியது. புருஷன் மேல் வைத்தாள், கத்தரிக்காய் மேல், வெளிநாட்டு கஸ்டமர் மேல், சீனாக்காரன் மேல். ஒன்றும் நிற்கவில்லை.

நேற்று கேன்டீனில். வேண்டாம், அதை நினைக்காதே. சாயங்காலம் வீட்டுக்கு ரேஷன் எண்ணெய் வாங்கணும், மகனுக்கு நெட் தீர்ந்துவிட்டது, தடுப்பூசி இரண்டாவது எப்போது. நேற்று கேன்டீனில் மேசைக்கு நடுவே பாலிதீன் திரை தொங்கவிட்டிருந்தார்கள், ஆளுக்கொரு பக்கம், ஜெயிலில் பார்க்கப் போனவர்கள் மாதிரி. நாகவேணி தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து சத்தமில்லாமல் சொன்னாள்.

"அக்கா, ராத்திரி படுக்கும்போது, காலையில எந்திரிக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிறேன்."

வேடியம்மாளுக்கு நன்றாகக் கேட்டது. திரை இருந்தது, மின்விசிறி சத்தம் இருந்தது, ஆனால் நன்றாகவே கேட்டது. அவளுக்கு அப்போது வந்ததும் எரிச்சல்தான், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய பயத்தைத்தான் ஒருத்தி கேட்பது, வீட்டில் அவர், போனில் அம்மா, குரூப்பில் செத்தவர்கள் போட்டோ, எல்லாம் கேட்டுவிட்டு என் பயத்தை நான் கொண்டு போய் எந்தக் கட்டத்தில் வைப்பது. சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம், அதில் பதினாறு போய்விட்டது.

"எல்லாருக்கும் அப்படித்தான்டி இருக்குது. சாப்பிடு, மணி ஆவுது."

நாகவேணி தலையை ஆட்டினாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள், அக்கா சொன்னாளே என்று. அந்தக் கவளத்தை அவள் மென்றதை வேடியம்மாள் இப்போது மனசுக்குள் பார்த்தாள், மென்றுகொண்டே இருந்தாள், விழுங்கவில்லை. பேசினாரா என்றால் பேசினாள். சாப்பிட்டாரா என்றால் சாப்பிட்டாள். நேற்றைய டிக் கூடச் சரிதான்.

மறுபடி போன். மறுபடி அந்தக் குரல், கையைக் கழுவுங்கள். மணி அடித்து ஓய்ந்தது. அப்போது அவளுக்கு முதலில் ஓடிய நினைப்பு என்ன என்பதைச் சொல்லித்தான் ஆகணும்: இன்றைக்கு அவள் ஆப்சென்ட், ஆனால் ரெஜிஸ்டரில் டிக் இருக்கிறது, யாராவது பார்த்தால் நான் முன்கூட்டியே போட்டது தெரிந்துவிடும், சீக்கிரம் போய் அதைப் பெருக்கல் குறியாக மாற்றணும், டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தால் போதும், நீலப் பேனா பையில் இருக்கிறதா. கை பைக்குள் போனது. பேனாவைத் தொட்டது. தொட்ட இடத்தில் நின்றது. அடிப்பாவி என்று ஒரு குரல் கேட்டது, அவள் குரல்தான், வாய்விட்டே சொல்லியிருக்கிறாள், முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். ரெஜிஸ்டரைப் பொய்யாக எழுதினதுக்கு மெமோ கொடுப்பார்கள், இன்ஸ்பெக்டர் வேலையை எடுத்துவிட்டு மறுபடி லைனில் டேப் சுற்ற விடுவார்கள், இருசனுக்கு வேலை இல்லாத வீட்டில் அது பெரிய விஷயம்தான். மேடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லலாம், சொன்னால் நாகவேணியைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். சொல்லாமல் போகலாம், போனால் எட்டு மணி நேரம் நாற்பத்திரண்டு விநாடிகளாக நிற்கணும், ஒவ்வொரு நாற்பத்திரண்டுக்கும் அந்தச் சந்தும் அந்தக் கதவும் வரும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது. அவள் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள், ஒன்றும் இருக்காது, நான் போய் நின்றால் ஏன்க்கா வந்தே என்று சிரிப்பாள், சிரித்தால் ஓங்கி ஒரு அறை விடுவேன். சிரிக்கட்டும். சிரிச்சுத் தொலைடி.

மூன்றாவது ஹாரன். அந்தோணி அண்ணன் கியரைப் போட்டார், பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, பேக்கரி பின்னால் போக ஆரம்பித்தது. வேடியம்மாள் எழுந்துவிட்டாள். நிறுத்துங்கண்ணா என்றாள், மாஸ்க்குக்குள் அது யாருக்கும் கேட்கவில்லை, மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். அவர் கண்ணாடியில் பார்த்தார். இறங்கினா அவ்ளோதான் வேடிம்மா, திரும்பி வரமாட்டேன், கேட்ல என்ன சொல்லட்டும் என்று கேட்டார். நான் எழுதினது பொய்ன்னு சொல்லுங்க என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பஸ்ஸை நிறுத்தினார். இறங்கும்போது அவள் கம்பியைப் பிடித்தாள், பிடித்த கையை உடனே சானிடைசர் போட்டுத் துடைக்கணும் என்ற நினைப்பு வந்தது, போடவில்லை. பஸ் போனது, அவள் சந்துக்குள் நடந்தாள், நடந்தவள் ஓடினாள், நாற்பத்தொரு வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், லைன் வீடுகளில் மூன்றாவது, நீலக் கதவு, பூட்டு இல்லை, உள்தாழ். தட்டினாள். சத்தமில்லை. ஒரு நிமிடம்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கையைக் கழுவுங்கள் என்கிற குரல், தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, பாலிதீன், கவளம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி அவள் தலைக்குள் இடமில்லாமல் போனது. இரண்டு கையாலும் தட்டினாள். திட்டினாள், என்ன திட்டினாள் என்று அவளுக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து, மாஸ்க் இல்லாத இவளைப் பார்த்து உள்ளே போய்விட்டார். தாழ் விலகியது.

நாகவேணி நின்றுகொண்டிருந்தாள். யூனிபார்ம் சட்டை போட்டிருந்தாள், பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, தலையைப் பாதி பின்னி. உள்ளே பாய் விரித்தபடியே கிடந்தது. வேடியம்மாளைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"ஹாரன் கேட்டுச்சுக்கா. மூணு தடவையும் கேட்டுச்சு. பஸ் போயிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு காத்துட்டு இருந்தேன்."

வேடியம்மாள் அவளைத் திட்ட வந்திருந்தாள், வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். தைரியமாக இரு என்று சொல்லலாம், மகள் இருக்கிறாள் என்று சொல்லலாம், எல்லோரும் சொல்வதுதான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு முடியலடி வேணி," என்றாள். "நானும் தூங்கி ரொம்ப நாளாச்சு."

நாகவேணி அவளையே பார்த்தாள், புருஷன் போனதிலிருந்து யாரையும் அப்படி அவள் பார்த்ததில்லை. அப்புறம் குனிந்து, வேடியம்மாளின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கி உள்ளே கூட்டிப் போனாள். பாயில் சுவர்ப் பக்கமாக அவளைப் படுக்க வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.